கஞ்சித் தொட்டி போதாது, கரை வேண்டும்!

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது நம் பாட்டன் காலத்துச் சொல். வங்கக் கடலில் கிளம்பும் புயலுக்கு நம்முடைய கரை புதிதல்ல. நமக்கும் அந்தப் புயல் புதிதல்ல. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயிலை, அதிலிருந்த பயணிகளோடு சேர்த்துக் கடல் விழுங்கிற்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. 2015-இல் சென்னை மூழ்கிற்று. 2018 நவம்பரில் கஜா, தஞ்சைக் கடைமடையில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. 2023 டிசம்பரில், மாதத் தொடக்கத்தில் மீண்டும் சென்னை. இரண்டு வாரம் கழிவதற்குள் தூத்துக்குடியும் நெல்லையும். 2024 டிசம்பர் பிறந்தபோது விழுப்புரமும் திருவண்ணாமலையும்.

ஒவ்வொரு முறையும் நாம் காண்பது என்ன? தலைவர்கள் படகில் வருகிறார்கள். பள்ளிக்கூடங்களில் கஞ்சித் தொட்டி திறக்கப்படுகிறது. பாயும் போர்வையும் வருகின்றன. டில்லியிலிருந்து மத்தியக் குழு வருகிறது, இடிந்த வீட்டைப் பார்க்கிறது, அழுகிய நெற்பயிரைக் கையில் எடுத்துப் பார்க்கிறது, விமானமேறிப் போய்விடுகிறது. தண்ணீர் வடிகிறது. தண்ணீரோடு நினைவும் வடிந்துவிடுகிறது! அடுத்த ஐப்பசி வரும்போது, சென்ற கார்த்திகையில் உடைந்த கரை, உடைந்தபடியே நின்று புது வெள்ளத்துக்கு வழிவிடுகிறது.

கஞ்சித் தொட்டியை நாம் இழித்துப் பேசவில்லை. பசித்தவனுக்கு முதலில் சோறு, பிறகுதான் மற்றவை. இடுப்பளவு தண்ணீரில் அண்டா சுமந்த தோழர்களின் உழைப்பை நாம் மறப்பவர்களும் அல்லர். ஆனால், ஆண்டுதோறும் அதே தெருவில், அதே குடும்பத்துக்கு, அதே கஞ்சியை ஊற்றுவதுதான் ஓர் ஆட்சியின் இலக்கணமா? அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராமல் தடுக்க வேண்டிய பணம் எங்கே போயிற்று? யாரிடம் இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது? இதைக் கேட்க உழைப்பாளிக்கு உரிமை இல்லையா?

உண்டு! கேட்பதற்குமுன், கணக்கை அவன் அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு பைகள்

அரசாங்கத்திடம் இதற்கென இரண்டு பைகள் இருக்கின்றன. ஒன்று, அடி விழுந்தபின் அவிழ்ப்பது. அதன் பெயர் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. மற்றொன்று, அடி விழாமல் தடுக்க அவிழ்ப்பது. அதன் பெயர் மாநிலப் பேரிடர் தணிப்பு நிதி. முதற்பையைப் பற்றி நாள்தோறும் பேச்சு. இரண்டாவது பை ஒன்று இருப்பதையே நம் தோழர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அது அவர்கள் குற்றமன்று. முதற்பைக்கு வயது அதிகம். இரண்டாவது நிதிக்குழுவின் காலத்திலேயே, 1957-இல், இயற்கைச் சீற்றத்துக்கென மாநிலங்கள் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு தொடங்கிவிட்டது. ஒன்பதாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 1990-இல் அது ஒரு நிலையான நிதியாயிற்று. நாலில் மூன்று பங்கு டில்லியும் ஒரு பங்கு மாநிலமும் போட வேண்டும் என்று வகுத்தார்கள். ஆனால் அந்தப் பணம் முழுவதும் நிவாரணத்துக்கே. வீடு எரிந்தபின் தண்ணீர் ஊற்ற ஒரு குடம் வைத்தார்கள். எரியாமல் காக்க ஒரு காசும் வைக்கவில்லை.

2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. நிவாரணத்துக்குத் தனி நிதி, தணிப்புக்குத் தனி நிதி என்று அந்தச் சட்டம் திட்டவட்டமாகச் சொல்லிற்று. 47-ஆவது பிரிவு தேசிய அளவில். 48-ஆவது பிரிவு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும். சட்டம் சொன்னது நடந்ததா? தேசியத் தணிப்பு நிதி அமைக்கப்பட்டது எப்போது தெரியுமா? 2021 பிப்ரவரியில்! மாநிலத் தணிப்பு நிதியை எப்படி நடத்துவது என்று டில்லி விதிமுறை அனுப்பியது 2022 ஜனவரியில்! நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டப்பிரிவு, பதினைந்து ஆண்டுகள் காகிதத்திலேயே உறங்கிற்று. அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள்தான் சென்னை மூழ்கிற்று. ஒக்கி வந்து குமரி மீனவர்களைக் கொண்டு போயிற்று. கஜா வந்து டெல்டாவைச் சாய்த்தது. உறங்கியது சட்டம். செத்தது ஏழை.

சரி, விழித்தபின் வந்த தொகை எவ்வளவு? 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு, என்.கே.சிங் தலைமையிலான 15-ஆவது நிதிக்குழு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து வகுத்தது 1,60,153 கோடி ரூபாய். அதில் 1,28,122 கோடி நிவாரணப் பைக்கு. 32,031 கோடி தணிப்புப் பைக்கு. நூற்றுக்கு எண்பது வந்தபின் காக்க. நூற்றுக்கு இருபது வருமுன் காக்க. தணிப்புக்கென ஒரு பங்கு பிரித்த அந்தக் குழுவை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அந்தப் பங்கு தமிழ்நாட்டுக்கு என்னவாக வந்து சேர்ந்தது என்று பாருங்கள். 2023-24-இல் நம் நிவாரண நிதிக்கு டில்லியின் பங்கு 900 கோடி. மாநிலத்தின் பங்கு 300 கோடி. மொத்தம் 1,200 கோடி. எண்பதுக்கு இருபது என்ற அதே விகிதத்தில் தணிப்புக்கு 300 கோடி. 38 மாவட்டங்களுக்கும் சமமாகப் பிரித்தால், மாவட்டத்துக்கு எட்டுக் கோடிகூட முழுதாகத் தேறாது!

எட்டுக் கோடியில் எந்த ஆற்றுக்குக் கரை எழுப்புவது? எந்த ஏரியைத் தூர் வாருவது? எந்த மீனவர் குப்பத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டுவது?

இந்தப் பணமும் யாரோ போடும் பிச்சையன்று. தீப்பெட்டி வாங்கும் தொழிலாளியும் வரி கட்டுகிறான். செருப்பு வாங்கும் விவசாயக் கூலியும் வரி கட்டுகிறாள். அவர்கள் கொடுத்த பணம்தான் டில்லிக்குப் போய்த் திரும்பி வருகிறது. உரிமைப் பணத்தை உதவித் தொகை என்று பெயர் மாற்றிச் சொல்பவர்களை நாம் திருத்தியாக வேண்டும்.

டில்லியின் தராசு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, அதிலிருந்த ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தார்கள். அதற்கு இரு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் சென்னையை வதைத்திருந்தது. இரண்டு சீற்றத்துக்கும் சேர்த்து மாநில அரசு கேட்டது ஏறத்தாழ 37,900 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் டில்லி ஒப்புதல் தந்தது ஏறத்தாழ 682 கோடி. மாநில நிதியில் இருந்த இருப்பைக் கழித்துக்கொண்டு கையில் கொடுத்தது ஏறத்தாழ 276 கோடி! மாநில அரசு உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. அதே காலத்தில் கர்நாடகம் வறட்சி நிதிக்காக அதே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. கஜாவுக்கு ஏறத்தாழ 15,000 கோடி கேட்டபோது ஒப்புதலானது 1,146 கோடி. அப்போது மாநிலத்தில் இருந்த ஆட்சி வேறு. தராசு மட்டும் அதே தராசு!

கேரளத்தின் கதை என்ன? 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் உள்ளிட்ட இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். மறுவாழ்வுப் பணிகளுக்கென்று 2025 பிப்ரவரியில் டில்லி அனுமதித்தது 529.50 கோடி ரூபாய். மானியமா? இல்லை, கடன்! வட்டியில்லாக் கடன்தான். ஆனாலும் கடன். அதையும் மார்ச் 31-க்குள் செலவிட வேண்டும் என்று நிபந்தனை. ஆறே வாரத்தில் ஓர் ஊரைக் கட்டி முடிக்க வேண்டுமாம்!

டில்லி தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. "நாங்கள் தருவது நிவாரணம், இழப்பீடு அன்று. ஆண்டுதோறும் நிதிக்குழு சொன்ன தொகையை முன்கூட்டியே தருகிறோம். அதற்கு மேல் வேண்டுமானால், வகுத்த அளவுகோலின்படிதான் கணக்குப் பார்ப்போம்" என்கிறார்கள். பார்க்கட்டும். மாநிலம் கேட்ட தொகை முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் அந்த அளவுகோல் என்ன? உயிருக்கு நான்கு இலட்சம். சமவெளியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு 1,20,000. குடிசைக்கு 8,000 ரூபாய்! எட்டாயிரத்தில் கீற்று வாங்கினால் மூங்கில் வாங்க முடியாது. மூங்கில் வாங்கினால் கூலி கொடுக்க முடியாது.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. அளவுகோலை இன்றைய விலைவாசிக்கு ஏற்றபடி திருத்துங்கள். மத்தியக் குழு வந்து பார்த்துச் சொன்ன மதிப்பீட்டை, எந்த இனத்துக்கு எவ்வளவு ஏற்றோம், எதை ஏன் தள்ளினோம் என்ற விளக்கத்தோடு மக்கள் முன் வையுங்கள். கணக்கு நேர்மையானதென்றால் அதைக் காட்டுவதற்குக் கூச்சம் எதற்கு?

நம் வீட்டுக் குறை

டில்லியைச் சாடிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நம் பத்திரிகையைப் படிக்க வேண்டியதில்லை. உண்மையை இரு பக்கமும் சொல்வதுதான் இயக்கத்துக்கு வலிமை.

ஓர் எடுத்துக்காட்டு. பெருநகர்களின் வெள்ளத் தடுப்புக்கென 15-ஆவது நிதிக்குழு தேசியத் தணிப்பு நிதியில் 2,500 கோடியை ஏழு நகரங்களுக்கு ஒதுக்கிற்று. சென்னைக்கு 500 கோடி. அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 2021 பிப்ரவரியில். சென்னைக்கான 561.29 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் அறிவிக்கப்பட்டது 2023 டிசம்பர் 7-இல். அன்று நகரின் பல தெருக்களில் மிக்ஜாம் வெள்ளம் இன்னும் வடியவில்லை! இடையில் போனவை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், மூன்று பருவமழைகள். தாமதித்தது யார்? திட்டம் எழுத வேண்டியவர்களா, ஒப்புதல் தர வேண்டியவர்களா? கோட்டையும் சொல்ல வேண்டும். டில்லியும் சொல்ல வேண்டும். ஒருவர் மீது ஒருவர் விரல் நீட்டிக்கொண்டிருந்தால், தண்ணீர் அந்த விரலைப் பார்த்து நிற்காது.

மற்றோர் எடுத்துக்காட்டு, இன்னும் கசப்பானது. தணிப்பு என்ற பெயரால் முதலில் அகற்றப்படுவது யார்? கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் குடிசை போட்டிருக்கும் கட்டடத் தொழிலாளி. வீட்டு வேலை செய்யும் தாய். அவர்களைக் கொண்டுபோய்ப் போட்ட இடம் எது? செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்! பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்வான பகுதி. ஆற்றங்கரை வெள்ளத்துக்குத் தப்பியவன் சதுப்பு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டான். வேலை செய்த இடமோ எங்கேயோ இருக்கிறது. பாதிக் கூலி பஸ்ஸுக்கே போகிறது. அதே சதுப்பு நிலத்தையும் ஏரிகளையும் மேடாக்கி எழும்பிய கண்ணாடி மாளிகைகள் மட்டும் அசையாமல் நிற்கின்றன. குடிசை என்றால் ஆக்கிரமிப்பு. மாளிகை என்றால் வளர்ச்சியா? 2015 வெள்ளத்தை ஆராய்ந்த மத்திய தணிக்கைத் துறை, 2018-இல் வந்த அறிக்கையில், அது மனிதர் செய்த பேரிடர் என்றே சொல்லிற்று. மழையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பயனில்லை.

முன்கூட்டியே செய்தால் முடியுமா என்று ஐயப்படுவோர் ஒரிசாவைப் பார்க்கட்டும்; இன்று ஒடிசா. 1999 அக்டோபரில் வீசிய பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். நம்மைவிட ஏழை மாநிலம். அழுதுவிட்டு இருந்துவிடவில்லை. அந்த ஆண்டே பேரிடருக்கென்று தனி அமைப்பை ஏற்படுத்திற்று. கரையோரம் புயல் காப்பகங்களைக் கட்டிற்று. ஊருக்கு ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2013-இல் பைலின் வந்தபோது ஏறத்தாழ பத்து இலட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்திற்று. 2019-இல் ஃபானி வந்தபோது ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் பேர். உயிரிழப்பு ஆயிரக்கணக்கிலிருந்து நூற்றுக்கும் கீழே இறங்கிற்று. அங்கே தெய்வம் இறங்கி வரவில்லை. காப்பகத்தின் சாவி யாரிடம், வயதான பாட்டியைத் தூக்க வேண்டியவன் யார், ஒலிபெருக்கி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் புயலுக்குமுன் முடிவு செய்யப்பட்டிருந்தன. அவ்வளவுதான்!

மாநில அரசு செய்ய வேண்டியது

எந்தக் கட்சி கோட்டையில் அமர்ந்தாலும் சரி, நம் கோரிக்கை இதுதான்.

முதலாவது, தணிப்புப் பணம் திட்டத்துக்குத்தான் கிடைக்கும், கண்ணீருக்குக் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு மாவட்டத்திலும், எந்தக் கால்வாய், எந்தக் கரை, எந்த மலைச்சரிவு என்று அளந்து, செலவு கணக்கிட்ட திட்டங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். மழை நின்ற மாசியிலேயே அந்த வேலை தொடங்க வேண்டும். ஐப்பசியில் கோப்பைத் தேடுவது கேலிக்கூத்து.

இரண்டாவது, நூற்றுக்கு இருபது என்ற தணிப்புப் பங்கில் ஒரு காசும் வேறு வழியில் போகக் கூடாது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பராமரிப்பு வேலைக்கு அரசின் சொந்த வரவு செலவுத் திட்டத்தில் பணம் வைக்க வேண்டும். சாலைக்குத் தார் பூசிவிட்டு அதற்குத் தணிப்பு என்று பெயர் வைப்பது, குழந்தையின் பாலில் மோர் கடைவது போன்றது.

மூன்றாவது, மாவட்டந்தோறும் பேரிடர்த் திட்டம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் திட்டம் கலெக்டர் அலுவலக அலமாரியில் இருந்தால் யாருக்குப் பயன்? ஊராட்சி அலுவலகச் சுவரில், தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். வந்த பணம் எவ்வளவு, செலவான பணம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்ற கணக்கையும் அதன் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

நான்காவது, கரையோரக் குடிமக்களை அகற்றித்தான் தீர வேண்டுமென்றால், அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அருகில், மேட்டு நிலத்தில், அவர்களைக் கலந்துகொண்டு வீடு கொடுங்கள். வீட்டைக் கொடுத்து வேலையைப் பறிப்பது தணிப்பன்று. அது மற்றொரு பேரிடர்.

தோழர்களின் பணி

இனி நம் தோழர்களுக்கு ஒரு சொல். வெள்ள நாளில் நீங்கள் தூங்காமல் உழைத்ததை நாடு அறியும். அந்த உழைப்பில் பாதியை வெயில் நாளில் செய்யுங்கள். சித்திரையிலும் வைகாசியிலும் உங்கள் ஊர்க் கால்வாயின் கரையோடு நடந்து பாருங்கள். எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே மடை உடைந்திருக்கிறது, எங்கே எவன் வேலி போட்டிருக்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பது பொறியாளரின் வரைபடத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள், தீர்மானமாக நிறைவேற்றுங்கள். நகரத்தில் இருப்போர் வார்டு உறுப்பினரைக் கேளுங்கள். அவர் நம் கட்சிக்காரராக இருந்தால் இன்னும் உரக்கக் கேளுங்கள்!

தொழிற்சங்கத் தோழர்களும் இதை வேறு யாருடைய வேலையோ என்று எண்ண வேண்டாம். வெள்ளத்தில் முதலில் நிற்பது உங்கள் கூலி. முதலில் போவது உங்கள் பாத்திரம் பண்டம். முதலில் நனைவது உங்கள் பிள்ளையின் புத்தகம். சம்பள உயர்வுக்குப் போராடிப் பெற்ற பணத்தை ஒரே இரவு மழை அடித்துக்கொண்டு போக விடுவதா? கரையைக் கேட்பதும் கூலிப் போராட்டந்தான்.

புயலை நிறுத்த நம்மால் ஆகாது. ஆனால், தாழ்வான தெருவில் பிறந்த ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தை தண்ணீரில் போவதை நிறுத்த முடியும். அதற்குச் சட்டம் இருக்கிறது. நிதிக்குப் பெயரும் இருக்கிறது. போதாத பணத்தை டில்லியிடம் போராடிப் பெறுவோம். வந்த பணத்துக்குக் கோட்டையிடம் கணக்குக் கேட்போம். கஞ்சி ஊற்றிய கைகளுக்கு நன்றி சொல்லும் அதே வாயால், கரை எங்கே என்றும் கேட்போம். அடுத்த ஐப்பசிக்குள் கேட்போம்!